கிரேஸ் அக்காவுக்கு வராத பாஸ்போர்ட்

கிரேஸ் அக்கா போயிட்டாங்க. இன்னிக்குக் காலையில... பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டுலயே.

எனக்கு யாரும் போன் பண்ணல. அவங்க அண்ணன் போட்ட போஸ்ட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். "எங்கள் குடும்பத்தின் கலைஞர்"னு எழுதி, அக்கா சாயம் போட்ட நீலப் புடவை போட்டோ வேற.

அந்த போட்டோவை எடுத்துடுங்க சார். உங்களுக்கு அந்தத் தகுதி இல்ல.

தொண்ணூறுகள் முடியுற நேரம். நானும் அக்காவும் ஒரே ஆபீஸ்ல டைப்பிஸ்ட். சனிக்கிழமை ஆனா பிரேசர் டவுன்ல ஒரு ஜப்பான்காரம்மா வீட்டுக்கு ஷிபோரி கத்துக்கப் போவோம்.

துணியை மடிச்சு, நூல் ஓட்டி, இழுத்துக் கட்டி சாயத்துல முக்கணும். கட்டின இடம் வெள்ளையா நிக்கும். சாயம் எல்லாம் செடியிலிருந்துதான்... நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி, மஞ்சளுக்கு மாதுளந்தோல்.

நான் கட்டினா பாதி இடத்துல சாயம் உள்ள பூந்துடும். அக்கா கட்டினா ஒரு சொட்டு போகாது.

வீட்டுக்குப் பின்னாடி அவுரித் தொட்டி வச்சிருந்தாங்க. அண்ணனுக்கு அந்த வாடையே ஆகாது. "இந்த நீல நகத்தோடதான் சர்ச்ல நற்கருணை வாங்கப் போறியா?"ம்பார். என் முன்னாடியே.

அப்புறம் ஒரு சான்ஸ். அந்தம்மா ஊர்ல மூணு மாச ட்ரெயினிங், டிக்கெட் அவங்க செலவு. ஒரே ஒரு இடம். "கிரேஸ்"னு சொல்லிட்டாங்க.

பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். வாசல்ல நின்னு அண்ணன் கன்னடத்துல சொன்னது: "ஆ ஹெசரல்லி இல்லி யாரூ இல்லா சார்."

அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையாம். கூடப்பிறந்த தங்கச்சி!

அக்கா பின்னாடிதான் இருந்திருக்காங்க. காதுல விழுந்திருக்கு.

"ஏன்க்கா வெளிய வந்து சொல்லல?"ன்னு கத்தினேன்.

"துணி தொட்டிக்குள்ள இருந்துச்சுடீ. பாதியில எடுத்தா திட்டுத் திட்டா ஆயிடும்..."

இந்தப் பதிலை இன்னும் என்னால மன்னிக்க முடியலக்கா.

மறுபடி அப்ளை பண்றதுக்குள்ள தேதி போயிடுச்சு. என்கிட்ட ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்துச்சு. "நீ போ. ரெண்டு பேரும் போகலன்னா அண்ணனுக்குத்தான் கொண்டாட்டம்"னு தள்ளிவிட்டதும் நீங்கதான்.

போனேன். இன்னிக்கு என்னை டீச்சர்னு கூப்பிடுறாங்களே, அது உங்க இடத்துல உக்காந்து கத்துக்கிட்டது.

திரும்பி வந்ததும் உங்க மூஞ்சியைப் பார்க்கக் கூசுச்சு. அடுத்த வாரம், அடுத்த மாசம்னு... வரவே இல்ல. இந்தக் கோவத்துல பாதி என் மேலதான்.

நாளைக்கு அடக்கத்துக்கு வர்றேன். ரொம்ப லேட்டாத்தான்...

போயிட்டு வாங்கக்கா.