தங்கபாய் வீட்டு மடைச்சாவி

தங்கபாயின் கடையில் போய் உட்கார்ந்து "என்ன இருக்கு?" என்று கேட்கக் கூடாது. கேட்டால், "உங்களுக்கு என்ன ஆச்சு டீச்சரே, மொகம் வாடிக் கெடக்கு?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள். கருப்பட்டிக் காப்பியா, கஞ்சியும் பயறுமா, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமா என்பதை நம் முகத்தைப் பார்த்து அவளே முடிவு செய்வாள். ஒருமுறை தோசைதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். கஞ்சிதான் வந்தது. குடித்து முடித்தபோது எனக்கு வேண்டியிருந்தது அதுதான் என்று தெரிந்தது. இன்றுவரை அதை அவளிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மயிலாடிக்குப் போகும் சாலையிலிருந்து தென்னந்தோப்புக்குள் திரும்பினால் குளம். கரையில் அவளுடைய இரண்டு மரக்குடில்கள், நடுவில் ஓலைக்கூரை போட்ட காப்பிக்கடை. நான் நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியை. விடைத்தாள் திருத்த வேண்டி வந்தால் கட்டைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவேன். குடில் சிறியது. கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜன்னலையும் திறக்கலாம், கதவையும் சாத்தலாம். போர்வையில் வெயில் வாசனை இருக்கும். வாசலிலிருந்து ஐந்து கற்படிகள் குளத்துக்குள் இறங்கும். மயிலாடிக் கல்பட்டறையில் மூலை உடைந்ததென்று ஒதுக்கிய கற்களை அவளே பேசிக் கொண்டுவந்து போட்டது. மூன்றாம் படியில் கால் வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர். மீன்குஞ்சுகள் வந்து விரலைக் கொத்தும். அதற்காகத்தான் நான் வருகிறேன், விடைத்தாள் எல்லாம் சாக்கு.

அவள் கணவர் பொன்னுலிங்கத்துக்கு வயல்வேலை. குளத்து மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு, ஊர் கூடி ஒப்படைத்தது. மடைச்சாவி என்பது கை நீளத்துக்கு ஒரு இரும்புத் திருகி. அது காப்பிக்கடைச் சமையல்கட்டில், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வந்த வினையெல்லாம் அது அங்கே தொங்கியதால்தான்.

போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து வந்து தங்கிய நந்தனா என்ற பெண், ஐப்பசியில் போன் செய்தாள். குடியரசு தினத்தை ஒட்டி மூன்று நாள், இரண்டு குடிலும் வேண்டும், மாமனார் மாமியார் குழந்தைகள் என்று எட்டுப் பேர். தங்கபாய்க்குத் தலைகால் புரியவில்லை. "கொசுக்கடி வாங்கவா இங்க ஆளு வரும்?" என்று முதல் நாளிலிருந்து கேலி பேசிய ஊர் இது. இரண்டு குடிலும் ஒன்றாக நிறைந்தது இதுவரை இல்லை. ஊர் கண்ணால் பார்க்கட்டும் என்று அவளுக்கு ஆசை. "படியில தண்ணி இருக்குமா அக்கா?" என்று நந்தனா கேட்டதும், கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மடைச்சாவி எனக்க அடுக்களையிலல்லியா தொங்குது! மூணாம்படி வரை தண்ணி நிக்கும் மக்கா, நான் வாக்கு தாறேன்" என்று சொல்லிவிட்டாள்.

கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் தை மாதத்தில் பால்பிடிக்கும், அப்போது வயலில் தண்ணீர் வற்றக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வயலில் நாற்று நட்டு வளர்ந்தவள்தான். போனில் பேசியபோது சந்தோஷத்தில் நினைவு வரவில்லை, அவ்வளவுதான். கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. தை பிறந்ததும் கால்வாயிலும் தண்ணீர் நின்றுபோனது. வயல்களுக்கு மிச்சம் இருந்தது இந்தக் குளம் மட்டும்.

நந்தனா குடும்பம் வரவேண்டிய சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்பு நான் அங்கே போனேன். வியாழன் காலை வழக்கமான விவசாயிகள் கடையில் இருந்தார்கள். மற்ற நாளில் தண்ணீர் தண்ணீர் என்று பொரிந்து தள்ளுகிறவர்கள், இரணியலில் ரயில் தாமதமாக வந்ததைப் பற்றிப் பேசினார்கள். வாய்ச்சண்டையில் முதல் ஆளான ஞானையன், ரசவடையைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார். ஒருவரும் சாவி தொங்கும் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. பொன்னுலிங்கம்கூட, "ஏட்டி, எட்டுப் பேருக்கும் தலவாணி இருக்கா?" என்றுதான் கேட்டார்.

அவர்கள் போனதும் தங்கபாய் என்னிடம் வந்தாள். "ஒருத்தரும் தண்ணியப் பத்தி வாய் தொறக்கல்ல, பாத்தியளா?"

"உனக்காகத்தான்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "வந்தவர்கள் போகும்வரை மடையைத் திறக்காமல் நாலு நாள்தானே, பயிர் தாங்காதா?" என்றும் கேட்டுவைத்தேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பால்பிடிக்கிற பயிரு டீச்சரே. நாலு நாள்ல பதராப் போவும்."

சாயங்காலம் தனியாக வயல் பக்கம் போய்விட்டு வந்தாள். அன்றைய கஞ்சியில் உப்பு இல்லை. முதல்முறையாக அவள் கைச்சமையலில் குறை கண்டேன், சொல்ல மனம் வரவில்லை.

வெள்ளி விடியலில் இரும்பு கிறீச்சிடும் சத்தம். ஜன்னலைத் திறந்தால், மடையருகே சாவியைப் பொருத்தி, உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள். "வேடிக்கை பாக்காம வந்து பிடியுங்க டீச்சரே!" ஓடினேன். சுண்ணாம்புக்கட்டி பிடித்த கை, என்ன பலம் இருக்கும்? ஆனாலும் மெல்ல மெல்லத் திரும்பியது. அடியில் தண்ணீர் குமுறிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது.

பொன்னுலிங்கம் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஏட்டி, நாலு நாள் பொறுக்கலாம்னு எல்லாரும் செரின்னுதானே சொன்னாவ!"

"அவிய செரின்னு சொன்னதுதான் எனக்குப் பொறுக்கல்ல" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அங்கிருந்து நேரே வந்து மூன்றாம் படியில் உட்கார்ந்து நந்தனாவுக்குப் போன் போட்டாள். "மக்கா, நான் தந்த வாக்கு தப்பிப்போச்சு. தண்ணிய வயலுக்கு விட்டுட்டேன். படியில ஒண்ணும் இருக்காது. வரவேண்டாம்னு தோணிச்சுன்னா எனக்கு வருத்தம் இல்ல." கடைசி வாக்கியம் பச்சைப் பொய். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாக நந்தனா சொன்னாளாம். அன்று முழுக்கப் போன் வரவில்லை. அன்றே கிளம்ப வேண்டிய நான் கிளம்பவில்லை. குடிலை ஒழித்துக் கொடுத்துவிட்டு அவள் வீட்டில் பாய் போட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை ஐந்தாம் படிக்கும் கீழே சேறுதான் தெரிந்தது. வருவார்களா என்று தெரியாமலே எட்டுப் பேருக்குச் சமைத்து வைத்திருந்தாள். மத்தியானம் வேன் வந்து நின்றது. நந்தனாவின் சின்ன மகள்தான் முதலில் குதித்து இறங்கினாள். படிவரை ஓடிப் பார்த்துவிட்டு, "அம்மா, குளம் எங்க?" என்றாள். நந்தனாவின் முகமும் வாடிவிட்டது. சேறு இவ்வளவு இருக்கும் என்று அவளும் நினைக்கவில்லை போல.

தங்கபாய் குழந்தையின் கையைப் பிடித்தாள். கரையிறங்கி, வரப்பில் அவளை நடத்திக்கொண்டு போனாள். நாங்கள் எல்லோரும் பின்னால். நெல்லுக்கு நடுவே வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தா இருக்கு மக்கா. நேத்துதான் இங்கோட்டு வந்துது. கால வை."

குழந்தை வைத்தது. மீன்குஞ்சு கொத்தியதும் வீறிட்டுச் சிரித்தது. நந்தனாவும் செருப்பைக் கழற்றினாள். வயலில் நின்ற ஞானையன், தோளிலிருந்த துண்டை வரப்பில் விரித்து நந்தனாவின் மாமியாரை உட்காரச் சொன்னார். தங்கபாயிடம் அவர் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் விடியலில் ஒரு பெரிய மட்டி வாழைப்பழக் குலை கடை வாசலில் இருந்தது.

வந்தவர்கள் மூன்று நாளும் இருந்தார்கள். அவர்கள் போன அன்று பொன்னுலிங்கம் மடையை அடைத்துவிட்டு, சாவியைத் துடைத்துப் பழைய ஆணியில் மாட்டப் போனார். "அங்க வேண்டாம்" என்றாள் தங்கபாய். கடைக்கு முன்னால், பெஞ்சுக்கு நேர் எதிரே இருக்கும் தூணில் புது ஆணி அடிக்கச் சொன்னாள். இப்போது ஞானையன் காலையில் வந்ததும் அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டே தண்ணீருக்காகச் சண்டையை ஆரம்பிக்கிறார். அவளும் வடையைத் திருப்பிப் போட்டபடி பதிலுக்குச் சத்தம் போடுகிறாள்.