பத்தடி முன்னால் நடப்பவர்

மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று போன் வந்ததும், தாராவியிலிருந்து நானும் வீட்டுக்காரரும் முதல்முறையாகப் பாதாள மெட்ரோவில் கிளம்பினோம். மரோல் நாக்காவில் மேலே ஏறி வேறு ரயிலுக்கு மாற வேண்டும்.

எங்கே போனாலும் அவர் பத்தடி முன்னால்தான் நடப்பார். திமிர் என்றே நினைத்திருந்தேன். அன்றும் அங்கே இறங்கியதும் திரும்பிப் பாராமல் நகரும் படியில் ஏறிப் போய்விட்டார். கால் வைக்கப் பயந்து கீழேயே நின்றேன். சத்தம் போட்டுக் கூப்பிடக் கூச்சம். ஆஸ்பத்திரிக்கு வழியும் தெரியாது.

பக்கத்துப் படிக்கட்டில் மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"ஏட்டி, இங்கயே நின்னுட்ட? பிள்ள அங்க தவிச்சுக்கிட்டுக் கெடக்கா."

"பயமா இருக்குங்க."

"எனக்கு மட்டும் என்ன? நின்னா கால் நடுங்கிரும்னுதான் எங்கயும் வெரசாப் போறேன்."

கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் ஏறினோம். அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது. பேத்தி பிறக்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டோம். இருபத்தாறு வருடத்தில் அவருக்கும் பயம் இருக்குமா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.