தீவிலிருந்து வந்த விலை

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் எனக்கு வேலை. கப்பலில் வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸில் காகிதம் போட்டு, டூட்டி என்கிற இறக்குமதி வரியைக் கட்டி, வெளியே எடுத்துக் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் சரக்கின் விலையைக் கூட்டிச் சொன்னவன் ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை. விலை குறைந்தால் டூட்டி குறையும். பொம்மை இறக்குகிறவர் முதல் டைல்ஸ் இறக்குகிறவர் வரை எல்லாரும் விலையைக் கொஞ்சம் தட்டிப் போடச் சொல்லித்தான் என் உயிரை வாங்குவார்கள். அதிகாரிகளும் அதைத்தான் மோப்பம் பிடிப்பார்கள்.

அதனால் போன வருஷம் எங்களிடம் புதிதாக வந்த ஒரு பார்ட்டியின் இன்வாய்ஸைப் பார்த்தபோது, யாரோ தூக்கக் கலக்கத்தில் அடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். திருவொற்றியூரில் பசை தயாரிக்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அது. சீனாவில் ஒரு ஆலையிலிருந்து டிரம் டிரம்மாக ரசாயனம் வந்திருந்தது. அதே ஆலையிலிருந்து அதே ரசாயனத்தை வண்ணாரப்பேட்டை பாய் ஒருவரும் செருப்புப் பட்டறைகளுக்கு விற்க இறக்குவார். அவர் காகிதமும் என் மேஜை வழியாகத்தான் போகும். பாய் கொடுக்கும் விலையைவிடப் பல மடங்கு இதில் போட்டிருந்தது.

எனக்குப் பகீரென்றது. காரணம், என் தங்கை புருஷன் அந்தத் தொழிற்சாலையில்தான் மிஷின் ஓட்டுகிறார். பல வருஷமாக நஷ்டம், நஷ்டம் என்று நிர்வாகம் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது. உற்பத்தி கூடினால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான் என்று நோட்டீஸும் போட்டுவிட்டார்கள். மச்சான் ஷிப்ட் ஷிப்டாகப் போய் ஆட்களிடம் பேசினார். சம்பள உயர்வு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையும் கூலி வாங்காமல் சும்மாவே வந்து ஓட்டுவோம், கம்பெனி இருந்தால்தான் நமக்குச் சோறு என்று எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைத்தார். இவர்கள் இப்படி உயிரை விட, ஒரு டைப்பிங் தப்பால் டூட்டி வீணாகப் போகிறதே!

கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு நானே போன் போட்டேன். விலை தப்பாக இருக்கிறது, திருத்தி வாங்கிக் கொடுங்கள், டூட்டி மிச்சமாகும் என்றேன். நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்த மடையன் நான். அந்தப் பக்கம் இருந்தவர் என் பெயரையும் ஆபீஸ் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "விலை சரிதான் சார். உள்ளபடியே போடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். சாயங்காலம் என் முதலாளி என்னைக் கூப்பிட்டு, பார்ட்டிக்குப் புத்தி சொல்லவா உனக்குச் சம்பளம் என்று வாங்கு வாங்கென்று வாங்கினார்.

மண்டை குடைந்தது. பழக்கமான கஸ்டம்ஸ் அதிகாரி ஒருவரிடம் டீக்கடையில் கேட்டேன். அவர் சிரித்தார். சரக்கு சீனாவிலிருந்து நேராக நம் துறைமுகத்துக்கு வருகிறது, பில் மட்டும் ஒரு குட்டித் தீவு நாட்டிலிருந்து வருகிறதே, கவனிக்கவில்லையா என்றார். தீவில் இருப்பதும் அதே கம்பெனிதானாம். சீனாவில் சல்லிசாக வாங்கி, தன்னுடைய திருவொற்றியூர் தொழிற்சாலைக்கே கொள்ளை விலைக்கு விற்கிறதாம். லாபம் தீவில் தங்கிவிடும். அங்கே வரி கிடையாது. இங்கே கணக்கில் நஷ்டம்தான் மிஞ்சும், நஷ்டத்துக்கு யார் வரி கேட்பது? கூடுதல் டூட்டியெல்லாம் அவர்களுக்குக் கொசுக்கடி.

வருமான வரிக்காரர்கள் இதைச் சும்மா விடுவார்களா என்று கேட்டேன்.

"விடல. வரி போட்டாங்க. கேஸு வருஷக்கணக்கா இழுக்குது. தீவுல இருக்கற கணக்கைக் காட்டுன்னா அந்த நாடு தரமாட்டேங்குது. நாம என்ன, படையா அனுப்ப முடியும்?"

அடப் பாவிகளா! பாய் ஒரு டிரம்முக்கு விலை குறைத்துச் சொன்னால் மறுநாளே குடோனுக்கு சீல் வைக்கிற சர்க்கார் இது. நம் மண்ணில் செய்து, நம் ஜனங்களிடம் விற்ற பொருளுக்கு வரி கேட்க, எங்கோ கடலுக்கு நடுவில் இருக்கும் ஒரு துண்டு நிலத்தின் வாசலில் போய் நிற்கிறது. இத்தனை பெரிய தேசத்தின் கை இவ்வளவுதான் நீளுமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருவொற்றியூருக்குப் போனேன். மச்சான் அப்போதுதான் சும்மா ஓட்டும் ஷிப்டை முடித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். தங்கை சாப்பாடு எடுத்து வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. யாராவது தன் கடையிலேயே தான் கொள்ளையடிப்பானா, உன் ஆபீஸில் எவனோ கதை கட்டுகிறான் என்று என்மேலேயே பாய்ந்தார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"மிஷினு ஜாஸ்தி ஓட்னா அந்த டிரம்மும் ஜாஸ்தியா தானே எறங்கும் மச்சான்?"

ஆமாம் என்றேன்.

"அப்போ நாங்க ஓட்ட ஓட்ட நஷ்டம் ஏறிகினே இருந்துகீது. ஞாயித்துக்கெயம ஓட்னதும் சேத்து."

இத்தனை நாள் அந்த இன்வாய்ஸோடு மல்லுக்கட்டிய எனக்கு இது தோன்றவே இல்லை. தங்கை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அத்தனை பேரையும் நாந்தானே இட்டாந்தேன் என்று மச்சான் முணுமுணுத்தார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. கூட வேலை செய்கிற ஒருவர். அடுத்த ஞாயிறும் வரவேண்டுமா, பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன்.

"வந்துரு நைனா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். ஏன் இப்படிச் சொன்னாய் என்று கோபமாகக் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வந்தா நஷ்டம்னு மூடுவான். வர்லன்னா, இவனுங்க வேல செய்லன்னு எங்க மேல பழிய போட்டு மூடுவான் மச்சான்."