மறையூரில் திரும்பிப் போன மடிக்கணினி

காலை 8.20. உடுமலைப்பேட்டையில் மூணாறு பஸ் புறப்பட்டது. பொள்ளாச்சிக்கு மேற்கே, கோபாலபுரத்தை அடுத்த என் வீட்டிலிருந்து இது மூன்றாவது பஸ். குடை, மாத்திரை டப்பா, துணிப்பை என்று மூன்று உருப்படிகள். அவற்றை நான்கு முறை எண்ணியாயிற்று.

முன் இருக்கை அம்மாள் ஒரு கறுப்புப் பையை மடியில் அணைத்திருந்தார். பெயர் மேரி, சூரியநெல்லியில் தேயிலை ஃபேக்டரியில் மூட்டை கட்டும் வேலை. முந்தின நாள் பொள்ளாச்சியில் மகளுக்குப் பழைய லேப்டாப் வாங்கி, தங்கை வீட்டில் தங்கியிருக்கிறார். விலை பதினான்காயிரத்து ஐந்நூறு. திங்கட்கிழமை மகள் அதில் வீட்டிலிருந்தே நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

“ஐ ஃபைவ் சார். மக அதத்தான் கேட்டா.”

ஐ ஃபைவ் என்பது உள்ளே இருக்கும் ப்ராசஸரின் பெயர்; அதன் வயதைச் சொல்லாது. சென்ற ஆண்டு நானும் அதையே கேட்டு வாங்கி ஏமாந்தவன். திறக்கச் சொன்னேன். விசைப்பலகைக்குக் கீழே பளபளவென்று புது ஸ்டிக்கர். உள்ளே, திரையில் வந்த கணினி விவரத்தில், ஐ ஃபைவை அடுத்த சிறு கோட்டுக்குப் பின் வரும் நான்கிலக்க எண் மூன்றில் தொடங்கியது. மூன்றாம் தலைமுறை, பத்து வயதைத் தாண்டிய இயந்திரம். மேரியின் போனில் இருந்த தேர்வு அறிவிப்போ புது விண்டோஸ் கேட்டது. அதற்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும்.

“ஐ ஃபைவுன்னா எல்லாம் ஒண்ணுதான சார்?”

ஊரே இப்படித்தான் கேட்கிறது. எங்கள் பக்கம் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிறு கைமாறாது. கணினிக்கு மட்டும் வயதைக் கேட்பாரில்லை. கேட்காததைச் சொல்லும் கடைக்காரரும் இல்லை.

பத்து நிமிடம் விளக்கினேன். மேரி தலையாட்டினார். “நம்ம டஸ்ட் டீ மாதிரி. கிரேடு சரி, மூட்டை அடைச்ச வருசம்தான் பழசு.”

10.25. மறையூர். டீ பன்னிரண்டு ரூபாய். மேரி கடைக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஐ ஃபைவ் கேட்டீங்க, ஐ ஃபைவ் குடுத்துட்டனுங்க. இன்னும் என்னங்கக்கா?”

“மூணு நாளைக்குள்ள மாத்தலாம்னு பில்லுல இருக்கே, தம்பி?”

“ரிப்பேர்னா மாத்தலாமுங்க. ஓடுதுல்ல?”

“ஓடுது. எம்மக பரீட்சைதான் ஓடாது. இரு, வாரேன்.”

நானும் வருவதாகச் சொன்னேன். “நீங்க மூணாறுக்கு டிக்கெட் எடுத்தவுக. எங்க பாக்கணும்னு மட்டும் காட்டுங்க” என்றார். இரண்டு முறை காட்டினேன். என் போன் எண்ணை வாங்கிக்கொண்டு, கீழே உடுமலைப்பேட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினார்.

மாலை 5.40. மூணாறு. மேரியின் போன் வந்தது.

“கடையில இருந்த ஒம்பது ஐ ஃபைவையும் வரிசையா வைக்கச் சொன்னேன் சார், டீ ருசி பாக்கக் கோப்பை வைப்பாகள்ல, அப்படி. ஒவ்வொண்ணாத் தொறந்து நம்பரச் சத்தமா வாசிச்சேன். வாங்க வந்த நாலு பேரும் கூடச் சேந்து வாசிக்காக.”

“மாற்றித் தந்தாரா?”

“எட்டுல தொடங்குறது ரெண்டுதான் இருந்துச்சு. ஒண்ணைக் கையில குடுத்து, கெளம்புங்கக்கான்னு கும்பிட்டுட்டான். ஒம்பதுக்கும் ஒரே வெல, சார்.”

மகள் திங்கட்கிழமை எழுதிவிடுவாள். ஆனால் உதவாத ஏழும், மேரி திருப்பிக் கொடுத்ததும் அங்கேயேதான் இருக்கும். நாளைக் காலை யாராவது போய் ஐ ஃபைவ் இருக்கிறதா என்று கேட்பார். இருக்கிறது என்பார் கடைக்காரர். இருவர் சொன்னதிலும் ஒரு சொல்கூடப் பொய் இருக்காது.