ஆள் பார்த்து வரும் கோபம்

திருமயத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் கிளினிக். ஊரில் எனக்குக் கோபக்கார டாக்டரம்மா என்று பெயர். மாத்திரையை ஒழுங்காகப் போடாமல், வாயைக் கட்டாமல் வருகிறவர்களை ஒரு பிடி பிடித்துவிடுவேன். "அந்தம்மா வைதாத்தான் சுகர் எறங்குது" என்று வெளியே பெஞ்சில் பேசிக்கொள்வது காதில் விழும். உள்ளூர அதில் எனக்குப் பெருமைதான். அக்கறை இருப்பதால்தான் கோபம் வருகிறது என்று வீட்டுக்காரரிடம் அடிக்கடி சொல்வேன். அவர் பதில் சொல்லாமல் பேப்பரைப் புரட்டுவார்.

என் திட்டில் திருந்தியவர் என்று நான் எல்லோருக்கும் காட்டிய ஒரு நோயாளி உண்டு. ஐம்பதைத் தாண்டிய, விவசாயக் குடும்பத்துப் பெண். மகன் துபாயில். ஆரம்பத்தில் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். அதன்பிறகு எப்போது வந்து ரத்தம் கொடுத்தாலும் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கும். "இந்தம்மாவப் பாத்துக் கத்துக்கங்க" என்று மற்றவர்களிடம் சொல்வேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார். கூச்சம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலை, காத்திருந்த பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தார். புடவையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. சோதித்தால் சர்க்கரை அதலபாதாளத்தில். கட்டிலில் படுக்கவைத்துக் குளுக்கோஸ் ஏற்றினோம். அவர் கண் திறந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கூட வந்த மருமகளிடம் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா வெறும் மோருதாங்க. மாத்திரைய மட்டும் விடாமப் போட்டாங்க. ஒவ்வொரு தடவையும் இங்கிட்டு வாரதுக்கு முன்னாடி இப்படித்தான். சோறு தின்னா சுகர் ஏறிரும், நீங்க வைவீங்கன்னு பயம்."

அதைக் கேட்டு நான் என்ன செய்தேன்? நேரே கட்டிலுக்குப் போய் அதற்கும் வைதேன். "ஒனக்கு அறிவிருக்கா? ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிருந்தா யாரு பதில் சொல்றது?" ஊசி குத்திய கையையும் சேர்த்துக் கும்பிட்டார். மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும் பரிசோதனையை அன்றுதான் முதல் தடவையாக அவருக்குச் செய்தேன். எக்கச்சக்கமாக இருந்தது; இங்கே வராத நாட்களில் கட்டுப்பாடே இல்லை. இத்தனை நாளும் நான் மெச்சியது அவருடைய பட்டினியை.

அவர் எழுந்திருப்பதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பக்கத்து ஊர் வியாபாரக் குடும்பத்து ஆச்சி. இப்போது சென்னைவாசி, கல்யாணத்துக்கு வந்திருந்தார். பிள்ளைகளில் ஒருவர் அங்கே பெரிய டாக்டர். "நாலு நாளும் பலகாரந்தான். மாத்திரைய மெட்ராஸ்லயே வச்சுட்டு வந்துட்டேன்" என்று சிரித்தார். "கல்யாண வீடுன்னா அப்படித்தான் ஆச்சி. நாளையிலேருந்து பாத்துக்கலாம்" என்று நானும் சிரித்தேன். சிரித்தபடியே திரும்பினால், பாதி விலகிய திரைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். முகத்தில் மனக்குறை எதுவும் இல்லை. நான் சிரித்து அவர் அதுவரை பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மதியம் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தேன். கோபம் என் பிறவிக் குணம், அடக்க முடியாது என்று சொல்லித் திரிந்தேனே, காரைக் கண்டதும் எப்படி அடங்கியது? அதற்கு ஆள் தெரிகிறது. யார் திருப்பிக் கேட்கமாட்டார்களோ அவர்கள் தலையில்தான் போய் விடிகிறது. அதற்கு அக்கறை என்று பெயர் வைத்துக்கொண்டு ஓர் உயிரோடு விளையாடியிருக்கிறேன். வீட்டுக்காரர் ஏன் பேசாமல் பேப்பரைப் புரட்டினார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அடுத்த மாதம் அந்தப் பெண் மருமகளோடு வந்தார். இந்தத் தடவை சாப்பிட்டுத்தான் வந்திருந்தார். சர்க்கரை கூடுதலாகவே இருந்தது. பக்கத்தில் உட்காரவைத்து, "என்னம்மா சாப்பிட்டீங்க? பயப்படாமச் சொல்லுங்க, மாத்திரைய மாத்திப் பாப்போம்" என்றேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. மருமகளை வெளியே போகச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறைக்காமச் சொல்லுங்க டாக்டரம்மா. எனக்கு ரொம்ப முத்திப்போச்சா?"

"ஐயோ, அதெல்லாம் ஒன்னுமில்லைங்க."

"பெறகு எதுக்கு இம்புட்டுத் தன்மையாப் பேசுறீங்க?" அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "எப்பவும் போல ஒரு தடவ வைதுருங்க. எனக்குத் தெம்பா இருக்கும்."