மெட்டி கரைத்த தண்ணீர்

ஏரியூரில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் பச்சியப்பனுக்கு ஒரு பேர் உண்டு. செத்த பேட்டரியையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவாராம். அந்தப் பேர்தான் மனுஷனைக் கெடுத்தது.

போன தை மாதம் அவர் மனைவி சென்னம்மாளின் வலது கால் பெருவிரலில் முள் குத்திப் புண்ணானது. சர்க்கரை நோயில் மரத்த கால், குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பாதம் இரண்டும் வீங்கியிருப்பதைப் பார்த்து மெட்டிகளை வெட்டி எடுத்தார்கள். புண் ஆறாவிட்டால் விரலையும் எடுக்க வேண்டிவரும் என்றார்கள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெரல வெட்ட வுட்றாதீங்க."

"நான் இருக்கறப்ப எவன் வெட்டுவான்?" என்றார் பச்சியப்பன்.

சொல்லிவிட்டாரே தவிர, வழி தெரியவில்லை. செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ மாட்டியது. காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை நிறுத்தி பேட்டரியோடு இணைத்தால், வெள்ளி கண்ணுக்குத் தெரியாத துகளாகத் தண்ணீரில் இறங்குமாம். அதைக் குடித்தால் ஆறாத புண்ணும் ஆறுமாம். பேட்டரி என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் பாதி நம்பிவிட்டார்.

வெட்டிய மெட்டிகளை நீட்டிக் கம்பியாக்கினார். காய்ச்சி வடித்த தண்ணீர் அவர் கடையிலேயே கேன் கேனாக இருந்தது. ஆனால் "பேட்டரித் தண்ணி வாய்க்கு ஆகாது" என்று முப்பது வருஷமாக ஊரை விரட்டியவர், கட்டிய மனைவிக்கு அதைக் கொடுப்பாரா? போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினார். துணியில் வடிகட்டினால் உப்பு எங்கே போகும்? கரைந்து வந்த வெள்ளியை அந்த உப்பு பிடித்துக்கொள்ள, தண்ணீர் நீர்மோர் போல வெளுத்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாரு சென்னம்மா, எவ்ளோ வெள்ளி எறங்கியிருக்குது!"

நேர்முனையில் மாட்டிய கம்பிதான் தேயும். அதனால் தினமும் முனையை மாற்றி மாட்டினார். "ஒத்த மெட்டி மட்டும் தேஞ்சா நல்லாருக்காது" என்றார். அப்படி ஒரு நியாயஸ்தர்.

ஐம்பது நாள் அதையே குடித்தாள், அதிலேயே புண்ணைக் கழுவினாள். கட்டு மாற்றப் போகவே இல்லை. "வலிக்கலைங்க" என்று அவள் சொன்னதை, ஆறிவருகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். நாற்றம் வந்த பிறகுதான் தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதற்குள் அழுகல் கணுக்காலைத் தாண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

டாக்டரம்மாவிடம் அந்த வெள்ளித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "தண்ணிய மாத்தி ஊத்திட்டேனுங்களா? பேட்டரித் தண்ணியில செஞ்சிருந்தா கால் நின்னிருக்குங்களா?"

"எந்தத் தண்ணியில செஞ்சிருந்தாலும் ஆறியிருக்காதுங்க. ஒழுங்கா கட்டு மாத்த வந்திருந்தா, ஒருவேளை விரலோட போயிருக்கும்."

விரலோடு. ஒரு விரலைக் கொடுக்க மாட்டேன் என்று காலையே கொடுத்துவிட்டு நின்றார் பச்சியப்பன்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் சென்னம்மாள் கூப்பிட்டாள். "ஏங்க, வீக்கம் வடிஞ்சிடுச்சி. இருக்கற காலும் வெறுசா கெடக்குது, பாக்கவே ஒரு மாதிரியா இருக்குது. அந்த எடது கால் மெட்டிய மட்டுமாவது வளச்சிப் போட்டு வுடுங்க."

கம்பிகளை எடுத்து வந்தார். இரண்டும் கறுத்து நூலாகியிருந்தன. எது இடது கால் மெட்டி என்று அவருக்கே தெரியவில்லை. அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றை மெல்ல வளைத்தார், ஒடிந்தது. மற்றதை இன்னும் மெதுவாக வளைத்தார். அதுவும் ஒடிந்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மெட்டிக்கு ஓரவஞ்சனை செய்திருக்கக் கூடாதா என்று நெஞ்சு வெடித்தது அவருக்கு.

"கல்யாணத்துல அம்மி மேல வெச்சதும் வெட்டுன அந்த வலது காலைத்தான்" என்று தேம்பினார்.

"புதுசு வாங்கிக்கலாம், வுடுங்க" என்றாள் சென்னம்மாள். பிறகு புடவையை இழுத்து, இருக்கிற காலையும் மூடிக்கொண்டாள்.