இரண்டு பொட்டலம், ஒரு ஐஸ்கிறீம் வான்

வேலையை விடுகிறேன் என்று எழுதிய மின்னஞ்சல் என் கைபேசியில் பதினொரு நாளாகக் கிடக்கிறது. அனுப்பலாம் என்று பெருவிரல் போகும், உடனே கழிப்பறைக்கு ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொள்வேன். நாற்பது வயதில் சொந்தத் தொழில் தொடங்கப்போகிற சிங்கம்! நேற்று என் மனைவி கதவுக்கு வெளியே நின்று, "பேசாமல் பூக் கட்டிப் பாப்பம். நான் கட்டித் தாறன்" என்றாள். உள்ளே இருந்தபடியே சிரித்துவிட்டேன்.

எனக்கு எட்டு வயதில் எங்கள் வீட்டில் ஒருமுறை பூக் கட்டிப் பார்த்தார்கள். அப்போது லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தோம். அப்பாவுக்குக் கவுன்சில் கந்தோரில் நிரந்தர மேசை வேலை. பென்சன் உண்டு, கழுத்துப்பட்டி உண்டு. அவருக்கோ ஒரு பழைய ஐஸ்கிறீம் வான் மீது காதல் வந்துவிட்டது. வானை விற்கவிருந்தவர் ஒருநாள் அதை எங்கள் தெருவுக்கே ஓட்டி வந்து மணியை அடித்துக் காட்டினார். நான் வாசலில் துள்ளிய துள்ளலில் ஒரு செருப்பு பக்கத்து வீட்டுக்குள் போய் விழுந்தது. அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டால், ஐஸ்கிறீம் என்று சொல்லலாம்! அதற்குமேல் ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும்?

விற்பவர் ஞாயிறுவரை தவணை தந்தார். அப்பா ராஜினாமாக் கடிதத்தை எழுதுவார், மடிப்பார், கிழிப்பார். மழை பெய்தால் கந்தோர்தான் நல்லது என்பார். வெயில் எறித்தால் வான் என்பார். லண்டனில் அது ஒரு நாளைக்கு ஆறு தரம் மாறும்.

"என்னாலை முடிவெடுக்க ஏலாது. அம்மன் சொல்லட்டும்" என்றார் கடைசியில்.

அம்மா கறியைக் கிளறியபடி, "கவுன்சில் வேலையை ஆராவது விடுவினமோ? விசர்க் கதை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரி, பூவை நான் கட்டித் தாறன்" என்றார்.

ஞாயிறு காலை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனோம். முறை இதுதான்: ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ. சாமி முன்னால் வைத்து, கள்ளமறியாத ஒரு பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிக்க வேண்டும். வெள்ளை வந்தால் கந்தோர், சிவப்பு வந்தால் ஐஸ்கிறீம். கள்ளமறியாத பிள்ளையாக நான் நியமிக்கப்பட்டேன். அந்தப் பதவிக்கு என்னைவிடத் தகுதியற்றவன் லண்டனிலேயே இல்லை.

தட்டில் இரண்டு கடதாசிப் பொட்டலங்கள். ஒன்றின் மூலையில் சிவப்பு இதழ் எட்டிப் பார்த்தது. அப்பா இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தார். நான் ஒன்றை மட்டும் மூடினேன்.

பிரித்ததும் அப்பா "அம்மாளாச்சி!" என்று போட்ட சத்தத்தில் ஐயர் மணியடிப்பதை நிறுத்திவிட்டார். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். சுற்றும்போதுதான் அம்மனின் கண் என்னையே பார்ப்பது தெரிந்தது. என் சந்தோஷமெல்லாம் அந்தக் கணமே போய்விட்டது. அப்பாவின் பென்சனைக் கொன்றுவிட்டேன். மாரிக் குளிர்காலம் முழுக்க, விற்காத ஐஸ்கிறீமையே தின்று நாங்கள் மூவரும் விறைத்துச் சாகப் போகிறோம்.

தடயத்தை ஒழிக்க, மற்றப் பொட்டலத்தைக் காற்சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டு சப்பாத்துகள் வைக்கும் இடத்துக்கு ஓடினேன். பிரித்தேன்.

உள்ளேயும் சிவப்பு.

அலறிக்கொண்டு அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். நான் களவாகப் பார்த்து எடுத்ததையும், என்னைக் காப்பாற்ற அம்மன் வெள்ளையைச் சிவப்பாக்கிவிட்டதையும் சொன்னேன். அம்மா பொட்டலத்தை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

"அம்மனுக்கும் ஐஸ்கிறீம் விருப்பம் போலை. அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை, என்ன?"

மறுநாள் அப்பா கடிதத்தைக் கொடுத்துவிட்டு வானோடு திரும்பி வந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் முன் இருக்கையில் ஏறினேன். அம்மா வீட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளை ஏப்ரனைக் கொண்டுவந்து அப்பாவுக்குக் கட்டிவிட்டார். அளவெடுத்துத் தைத்தது, பையின் ஓரத்தில் நீலநூலால் ஒரு கோன் ஐஸ்கிறீம்கூட இருந்தது. அதையெல்லாம் எப்போது தைத்தார் என்று நான் கேட்கவில்லை. மணியை அடிக்கிற அவசரத்தில் இருந்தேன்.